அமெரிக்காவில் கிடக்கும் ஆர்டி 350-ஐ இங்கிலாந்துச் சாலைக்குக் கொண்டுவருவது

அமெரிக்காவில் பழைய யமஹா ஆர்டி 350 மோட்டார் சைக்கிள் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது என்னிடம் வந்தால், வண்டியின் படத்தை நான் பார்ப்பதில்லை. டைட்டிலின் படத்தைத்தான் கேட்பேன். டைட்டில் என்பது அந்தந்த மாநில அரசு கொடுக்கும் உரிமைப் பத்திரம். நம் ஊர் ஆர்.சி. புத்தகத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த டேங்கைச் சுத்தம் செய்துவிடலாம், ஓட்டை விழுந்த பிஸ்டனை மாற்றிவிடலாம். இல்லாத டைட்டிலை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது.

நான் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு பஸ் பணிமனையில் ஃபிட்டர். பொள்ளாச்சிக்காரன். என் வயதொத்த பொள்ளாச்சிக்காரனுக்கு ஆர்டி 350 மீது ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: 1983 முதல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் விற்ற ராஜ்தூத் 350 இந்த யமஹாவின் வாரிசு. என் மாமாவிடம் ஒன்று இருந்தது. பெட்ரோல் பங்க்குக்குப் போகும்போதெல்லாம் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தியாவில் வந்ததில் முன் சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், திறனும் 30.5 குதிரைத்திறன், பிறகு மைலேஜுக்காக 27 ஆகக் குறைத்தார்கள். 1973 முதல் 1975 வரை அமெரிக்காவில் விற்ற மூல வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக், 347 சிசி, 39 குதிரைத்திறன். மாமாவின் வண்டி எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி இருக்கும் வண்டி அது.

அமெரிக்காவிலிருந்து ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. அரிசோனா, நெவாடா, கலிஃபோர்னியாவின் உட்பகுதி ஆகிய இடங்களில் மழை குறைவு. பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவதும் குறைவு. சட்டகமும் பெட்ரோல் டேங்கும் கெடாமல் கிடைக்கும். ஆனால் வெயில் ரப்பரை மென்று தின்றுவிடும். இருக்கை, சீல், ஹோஸ் எதையும் நம்ப வேண்டாம். இன்னொரு வசதி, அமெரிக்க வண்டியின் வேகமானி மைலில் காட்டும். ஜப்பானிலிருந்து இறக்கினால் கிலோமீட்டர் முகப்போடு இங்கே மல்லுக்கட்ட வேண்டும்.

முதலில் காகிதம்

டைட்டிலில் மூன்று இடங்களைப் பாருங்கள். உரிமையாளர் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா? கடன் கொடுத்தவர் என்ற கட்டத்தில் ஏதாவது வங்கியின் பெயர் இருக்கிறதா? இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் வேண்டும். அந்தக் கடன் 1976-இல் வாங்கியதாக இருந்தாலும் வேண்டும். மூன்றாவது, அதில் எழுதியிருக்கும் எண் சட்டகத்தின் எண்தானா?

இந்த மூன்றாவது கேள்விதான் பலரும் தவறவிடுவது. 1960-களின் வண்டிகளுக்குச் சில மாநிலங்கள் எஞ்சின் எண்ணை வைத்தே டைட்டில் எழுதின. இடையில் யாராவது எஞ்சினை மாற்றியிருந்தால், காகிதத்தில் உள்ள வண்டி வேறு, உங்கள் முன் நிற்கும் வண்டி வேறு. ஆர்டி 350-இல் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் யமஹா சட்டகத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரே எண்ணைத்தான் அடித்து அனுப்பியது. எண் 351 என்று தொடங்கும், பிறகு ஒரு சிறு கோடு, அதன் பின் வரிசை எண். இரண்டும் ஒத்துப்போகும் வண்டிக்கு விலையும் கூடுதல், நிம்மதியும் கூடுதல்.

விற்பவரிடம் படம் கேட்கும்போது எப்படி எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். கைப்பிடியைத் தாங்கும் கழுத்துக் குழாயின் பக்கவாட்டில் எண் இருக்கும். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து சாய்வாக அடித்தால் ஒவ்வொரு இலக்கத்தின் பள்ளத்திலும் நிழல் விழும். தொழிற்சாலையில் அடித்த இலக்கங்கள் ஒரே ஆழத்தில், ஒரே உயரத்தில் நிற்கும். பின்னால் யாரோ சுத்தியலால் தட்டியவை மேலும் கீழுமாகத் தள்ளாடும். எண்ணைச் சுற்றிய இடம் மட்டும் மழமழவென்று இருந்தால், அரத்தால் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த வண்டி எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

அதே கழுத்தில் ஒரு சிறு லேபிளும் இருக்கும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு விதிகளுக்கு இந்த வண்டி உடன்படுகிறது என்று தயாரிப்பாளர் ஒட்டும் லேபிள் அது. அதில் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். இங்கிலாந்தில் வண்டியின் வயதை நிரூபிக்க அதைவிட எளிய சான்று கிடையாது. மறுபெயின்ட் அடிக்கிறேன் என்று அதைச் சுரண்டி எறிந்த புண்ணியவான்கள் நிறைய. டைட்டிலில் 1974 என்று இருக்கும் வண்டி 1973-இன் கடைசி மாதங்களில் தயாராகியிருப்பதும் சகஜம். அங்கே மாடல் ஆண்டை எழுதுவது வழக்கம். லேபிள் இருந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

திருட்டு வண்டியா என்று இணையத்தில் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பதினேழு இலக்க அடையாள எண் 1981 மாடலிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய குட்டை எண்களை அந்தச் சேவைகள் ஏற்பதில்லை. ஆகவே விற்பவரோடு காணொளி அழைப்பில் பேசுங்கள். டைட்டிலையும் அடையாள அட்டையையும் வண்டியின் எண்ணையும் ஒரே காட்சியில் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

பெட்டியும் கப்பலும்

அமெரிக்கச் சுங்கத்துறைக்கு அசல் டைட்டில் கப்பலேற்றுவதற்கு 72 மணி நேரம் முன்பாகப் போய்ச் சேர வேண்டும். வெறும் நகல் செல்லாது. இதை ஏற்றுமதி முகவர் பார்த்துக்கொள்வார், ஆனால் அசல் அவர் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். விற்பவர் சாதாரணத் தபாலில் போட்டுவிட்டுக் கையை விரித்தால் எல்லாம் நின்றுவிடும். கூரியர் செலவை நீங்களே கொடுத்துவிடுங்கள். சுங்கத்துறை முத்திரையிட்டுத் திருப்பித் தந்தபின், அது உங்கள் கைக்கு வந்து சேரும்வரை முகவரை விடாதீர்கள்.

ஒரு வண்டிக்கு முழு கன்டெய்னர் தேவையில்லை. மற்றவர்களின் சாமான்களோடு பங்கு கன்டெய்னரில் வரலாம். இங்கேதான் விலைப்பட்டியலின் சூட்சுமம். கடல் கட்டணம் மட்டும் ஆச்சரியப்படும்படி மலிவாக எழுதியிருப்பார்கள். இந்தப் பக்கம் வந்ததும் துறைமுகக் கையாளும் கட்டணம், கன்டெய்னரைப் பிரிக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், கிடங்கு வாடகை என்று அனுமார் வாலாக நீளும். ஒரு முகவரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: என் வேனில் ஏற்றும்வரை மொத்தம் எவ்வளவு, எழுத்தில் கொடுங்கள். அவர் மூன்று மின்னஞ்சல்களில் மூன்று விதமாகப் பதில் சொன்னார். அடுத்தவரிடம் போய்விட்டேன்.

பெட்டிக்கு வருவோம். மரப்பெட்டியில் வந்தால், அந்த மரம் பூச்சி இல்லாதபடி சூடேற்றப்பட்டதாக இருக்க வேண்டும். ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி அது. பலகையில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னமும், நாட்டின் குறியீடும், எச்.டி. என்ற இரண்டு எழுத்தும் சூட்டுக்கோலால் அல்லது மையால் பதித்திருப்பார்கள். விற்பவர் தன் வீட்டுக் கொல்லையில் கிடந்த பலகையை வைத்து அன்போடு ஒரு பெட்டி செய்து தருகிறேன் என்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். மோட்டார் சைக்கிள் கடைகளில் புது வண்டி வந்திறங்கும் இரும்புச் சட்டப் பெட்டி கிடைத்தால் அதுவே சிறந்தது. மரத் தொல்லையே இல்லை. பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும், பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் கழற்றிச் சுற்றி வண்டியோடு கட்டச் சொல்லுங்கள். உதிரிபாகங்களைத் தனியாகக் குவித்து அனுப்பச் சொன்னால் சுங்கத்தில் அது வேறு சரக்காகிவிடும்.

காப்பீட்டில் எழுத்து சிறிதாக இருந்தாலும் படியுங்கள். பழைய பொருளுக்கு, முழுதாகத் தொலைந்தால் மட்டும் பணம் என்று எழுதித் தருவது வழக்கம். கிரேன்காரர் பெட்டியைச் சாய்த்து டேங்க் நசுங்கினால் உங்களுக்குச் சல்லிக்காசு வராது. வேறொன்றும் உண்டு: கப்பலே ஆபத்தில் சிக்கினால், மீட்புச் செலவில் சரக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பங்கு கொடுக்க வேண்டும் என்பது கடல் சட்டத்தின் மிகப் பழைய விதி. 2021-இல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட எவர் கிவன் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்கள் அதை அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள். சேதத்துக்கும் அந்தப் பங்குக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள்.

5 சதவீதமா, 20 சதவீதமா

இனி பணம். 250 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்குச் சாதாரணமாக 6 சதவீதச் சுங்க வரி, அதன் மேல் 20 சதவீத வாட். ஆனால் வண்டிக்கு முப்பது வயதாகி, அந்த மாடல் தயாரிப்பில் இல்லாமல் போய், சட்டகம், ஸ்டீயரிங், பிரேக், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமில்லாமல் மூல நிலையில் இருந்தால், அதைச் சேகரிப்புக்குரிய வரலாற்றுப் பொருளாகக் கருதலாம். சுங்கப் பட்டியலில் 9705 என்ற தலைப்பு. அதற்குச் சுங்க வரி கிடையாது, வாட் 5 சதவீதம்.

வித்தியாசத்தை ஒரு கணக்காகப் போடுவோம். வண்டி விலை 3,000 பவுண்டு, கப்பல் கட்டணமும் காப்பீடும் 1,000 பவுண்டு என்று வையுங்கள். வரி இரண்டையும் சேர்த்த 4,000-க்குத்தான், வண்டி விலைக்கு மட்டுமல்ல. 9705-இல் போனால் 200 பவுண்டு. சாதாரண மோட்டார் சைக்கிளாகப் போனால் சுங்க வரி 240, பிறகு 4,240-க்கு 20 சதவீதம் 848, ஆக 1,088. ஒரு குறியீட்டின் விலை 888 பவுண்டு. உள்நாட்டுக் கையாளும் செலவில் ஒரு பகுதியும் வாட் கணக்கில் சேரும் என்பதால் உண்மைத் தொகை சற்று மாறும்.

முகவர் இதைத் தானாகச் செய்வார் என்று இருந்துவிடாதீர்கள். மோட்டார் சைக்கிள் என்று கண்டதும் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கான 8711 என்ற தலைப்பைத் தட்டிவிட்டு அடுத்த கோப்புக்குப் போகிறவர்கள் உண்டு. கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது பல மாத வேலை. கப்பல் கிளம்பும் முன்பே ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள்: தயாரான ஆண்டு, உற்பத்தி நின்ற ஆண்டு, மூல நிலையில் இருக்கிறது என்ற விளக்கம், நான்கு பக்கப் படங்கள், லேபிளின் படம். இதனால்தான் மொழுமொழுவென்று எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற ரேஸ் புகைக்குழாய் மாட்டி, கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கையை வெட்டி வைத்த ரேஸ் வண்டிகளை நான் ஒதுக்குகிறேன். அழகுக்காக அப்படி ஒன்றை வாங்குகிறவர்கள் 20 சதவீதத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்கட்டும்.

வண்டி இங்கே இறங்கியதிலிருந்து 14 நாட்களுக்குள் எச்எம்ஆர்சி வரித்துறைக்கு நோவா என்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். முகவர் செய்கிறாரா, நீங்கள் செய்ய வேண்டுமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இருவருமே மற்றவர் செய்திருப்பார் என்று இருப்பதுதான் இங்கே நடக்கும் கூத்து. வாட் கட்டியது நோவாவில் ஏறாதவரை, ஸ்வான்ஸீயில் இருக்கும் வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ உங்கள் விண்ணப்பத்தைத் தொடாது.

ஸ்வான்ஸீக்கு அனுப்பும் உறை

பதிவுக்கு வேண்டிய படிவம் வி55/5. பழைய வண்டிகளுக்கு உரியது. தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம். பாதிக் கட்டங்கள் புது வண்டிகளுக்கானவை. கரியமில வாயு அளவு, வகை ஒப்புதல் எண் போன்றவற்றை வெறுமையாக விடுங்கள், கற்பனை வேண்டாம். பத்து வயதுக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் என்பதால் தனி வண்டி ஒப்புதல் சோதனை கிடையாது. வரிப் பிரிவு என்ற இடத்தில் வரலாற்று வண்டி என்று எழுதுங்கள். நாற்பது வயது தாண்டியதால் சாலை வரி பூஜ்யம். பூஜ்யமானாலும் வரி எடுக்கும் சடங்கை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

உறையில் போகவேண்டியவை: படிவம், அசல் டைட்டில், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, 55 பவுண்டு பதிவுக் கட்டணம், வயதுச் சான்றுக் கடிதம். இந்தக் கடிதத்தை டிவிஎல்ஏ ஏற்கும் சங்கம் ஒன்று கொடுக்க வேண்டும். ஜப்பானிய வண்டி என்றால் விண்டேஜ் ஜப்பானிய மோட்டார் சைக்கிள் கிளப்பை அணுகுவது வழக்கம். எண்களின் படங்களையும் வண்டியின் படங்களையும் கேட்பார்கள். தொழிற்சாலை எண் வரிசையோடு ஒப்பிட்டு ஆண்டை உறுதி செய்வார்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள். மரியாதையாக எழுதுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். வயதுச் சான்று இல்லாமலோ, அடையாளம் சந்தேகமாகவோ போனால் கியூ என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அது விற்கும்போது விலையை இறக்கும். சான்று சரியாக இருந்தால் அந்தக் காலத்துக்குரிய எழுத்து கிடைக்கும்: 1973 ஆகஸ்ட் முதல் 1974 ஜூலை வரை எம், அதற்கடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு என்.

எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எம்ஓடி தகுதிச் சோதனை நாற்பது வயது தாண்டிய, மாற்றமில்லாத வண்டிக்குக் கட்டாயமில்லை. அதற்குரிய வி112 உறுதிமொழிப் படிவத்தைக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். நான் ஆனாலும் செய்கிறேன். அதிகபட்சக் கட்டணம் 29.65 பவுண்டுதான், சட்டக எண்ணை வைத்தே செய்வார்கள், வேறொருவர் கண்ணும் படும். வேனில் ஏற்றிக்கொண்டு போங்கள். அதற்குமுன் முகப்பு விளக்கை மாற்றுங்கள்: அமெரிக்க விளக்கு டிப் செய்யும்போது வலப்பக்கம் சாயும், இங்கே எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், சோதனையில் தேறாது.

உதைப்பதற்கு முன்

வண்டி இறங்கியதும் கிக்கரை உதைத்துப் பார்க்கக் கால் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறையே காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சி அழுத்தும் அறை. அந்த அறையில் காற்று கசியாமல் அடைக்கும் கிராங்க் சீல்கள், பாலைவனத்தில் பல ஆண்டுகள் கிடந்ததில் காய்ந்து விறைத்திருக்கும். அதன் வழியே காற்று புகுந்தால் கலவை நீர்த்து, பிஸ்டன் உச்சந்தலையில் ஓட்டை விழும்.

சோதிப்பது எளிது. கார்புரேட்டர்களையும் சைலன்சர்களையும் கழற்றி, நான்கு வாய்களையும் ரப்பர் அடைப்பால் இறுக்குங்கள். ஒரு ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அழுத்தம் ஏற்றுங்கள்; அதற்குமேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். ஆறு நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் பக்கம் குமிழ் வந்தால் அந்தப் பக்கச் சீல். கியர் எண்ணெய் ஊற்றும் துளையைத் திறந்து காது வைத்தால் புஸ் என்று காற்றுச் சத்தம் வந்தால் கிளட்ச் பக்கச் சீல். அப்படியே ஓட்டினால் கியர் எண்ணெயை உறிஞ்சி ஊரைப் புகைமண்டலமாக்கும். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

பிறகு ஆட்டோலூப் பம்ப், அதாவது எஞ்சினுக்குத் தானாக எண்ணெய் ஊட்டும் பம்ப். எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. காற்றை முழுவதும் வெளியேற்றிய பின்னும், முதல் டேங்க் பெட்ரோலில் நானே கொஞ்சம் இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்துவிடுவேன். புகை கூடுதலாக வரும், பரவாயில்லை. பெட்ரோலும் பார்த்துப் போடுங்கள்: 2021 முதல் இங்கே சாதாரணப் பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கும் டேங்குக்கும் அது ஆகாது; சூப்பர் என்று விற்கும் இ5 போடுங்கள். டயரின் தேதிக் குறியில் மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தையது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றி எறியுங்கள்.

வி5சி பதிவுச் சான்று தபாலில் வந்ததும் எண் பலகை செய்யலாம். 1980 ஜனவரி 1-க்கு முன் தயாராகி, வரலாற்று வண்டி வரிப் பிரிவில் இருக்கும் வண்டிக்குக் கறுப்பில் வெள்ளி எழுத்துப் பலகை போட அனுமதி உண்டு. மஞ்சள் பலகையைவிட ஆர்டிக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. பின்பக்கம் ஒன்று போதும், முன்பக்கம் தேவையில்லை. கடையில் வி5சியும் அடையாள அட்டையும் கேட்பார்கள், இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.